சந்தனம் பூசிய பிளேடு

ஆயுத பூஜை அன்று காலையில் என் மெக்காய் பிளேடைக் காணவில்லை. அவசர அறுவை அரங்கின் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். இழுப்பறைகளை இழுத்துப் போட்டேன். தரையில் மண்டி போட்டு மயக்கமருந்து மெஷினுக்கு அடியில்கூடத் தேடினேன். மற்ற பிளேடுகள் எல்லாம் சமர்த்தாக இருந்த இடத்தில் இருந்தன. இது ஒன்றுதான் மாயம்.

என் பெயர் பிரகதீஸ்வரி. தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் மயக்கவியல் மேற்படிப்பு, கடைசி வருஷம். எனக்குச் சட்டென்று கோபம் வரும், வந்தால் குரலும் உயரும். குறைத்துக்கொள்ளச் சொல்லிச் சொல்லி வீட்டில் ஓய்ந்துவிட்டார்கள்.

மெக்காய் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று புரியாது. ஒருவரை முழு மயக்கத்தில் ஆழ்த்தினால் அவர் தானாக மூச்சுவிட மாட்டார். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூபைப் போட்டு, நாங்கள்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். நாக்கைத் தூக்கி வழி பார்க்க லாரிங்கோஸ்கோப் என்று ஒரு கருவி. டார்ச் லைட் மாதிரி ஒரு கைப்பிடி, அதில் மாட்டுவதற்கு வளைந்த உலோகத் தகடு, தகட்டில் ஒரு சின்ன பல்பு. அந்தத் தகட்டைத்தான் பிளேடு என்போம். எதையும் வெட்டாது. எல்லா இடத்திலும் புழங்குவது மெக்கின்டாஷ் பிளேடு. மெக்காய் அதற்குத் தம்பி. அதே வளைவு, நுனியில் மட்டும் ஒரு கீல். கைப்பிடியை ஒட்டி இருக்கும் நெம்புகோலை அழுத்தினால் நுனி மட்டும் நிமிர்ந்து, மூச்சுக்குழாயின் வாசலை மறைக்கும் மூடியைத் தூக்கிவிடும். கழுத்தைப் பின்னால் சாய்க்க முடியாதவர்களுக்கு அது பெரிய உபகாரம். இந்த இரண்டில் எது மேல் என்பதுதான் என் ஆய்வு.

குடலிறக்கம், பித்தப்பை என்று வருகிறவர்களிடம் சம்மதம் வாங்கிக் கழுத்துக்குப் பட்டை மாட்டிவிடுவேன். சிலருக்கு மெக்கின்டாஷ், சிலருக்கு மெக்காய். எவ்வளவு தெரிகிறது, எவ்வளவு சீக்கிரம் டியூப் போகிறது என்று பார்ப்பேன். எல்லாம் நல்ல கழுத்துகள். பட்டை, கழுத்து ஒடிந்த மாதிரி சும்மா பாவனைக்கு.

என் ஆய்வு வழிகாட்டி டேவிட்சன் சார் தரங்கம்பாடிக்காரர். கோபமே வராது, அதுவே எனக்குப் பாதி எரிச்சல். அவருக்கு மெக்கின்டாஷ் போதும். "ஏம்மா பிரகதி, பிளேடா பாக்குது? கைதானம்மா பாக்குது" என்பார். "அப்ப கையையே வாய்க்குள்ள விட்டுப் பாருங்க சார்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதற்கும் சிரித்தார். மனுஷனை என்ன செய்வது?

பிளேடைத் தேடிக்கொண்டு பெரிய அரங்கின் கதவைத் தள்ளினேன். அங்கே இருந்தது. மானிட்டருக்குப் பொட்டு, மயக்கமருந்து மெஷினுக்கு மாலை, அறுவை மேசையின் இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஊதுபத்தியை வராந்தாவோடு நிறுத்தியிருந்தார்கள், அந்த மட்டும் புண்ணியம். மேசை மேல் பொரிகடலைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு. கத்தரி, இடுக்கி எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பொட்டு. நட்ட நடுவில் என் மெக்காய், தலையோடு கால் சந்தனம் அப்பி, மேலே குங்குமத்தோடு படுத்திருந்தது.

"யாரு பாத்த வேலை இது?"

"நான்தாங்க டாக்டர்" என்று மங்களாம்பிகை சிஸ்டர் பூச்சரத்தோடு திரும்பினார். அரங்கத்துக்கே தலைமை நர்ஸ். அவர் இல்லாமல் இங்கே ஒரு ஊசி நகராது. "மத்ததுக்கெல்லாம் பொட்டோட விட்டுட்டேன். இதுக்கு மட்டும் முழுசா சாத்தியிருக்கேன் பாருங்க. உங்க தீசிஸ் நல்லபடியா முடியணும்ல?"

"சாத்துறதுக்கு இது என்ன அம்மனா சிஸ்டர்?"

"இன்னைக்கு ஒரு நாளு எல்லாமே அம்மன்தாங்க."

"அவசரக் கேஸ் வந்தா?"

"அங்க சாதா பிளேடு வச்சிருக்கேன். இது நாளைக்குக் காலையில புனர்பூஜை முடிஞ்சுதான் எடுக்கணும், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. லீவு நாள்ல எவன் வரப்போறான், விடுங்க."

ஆஸ்பத்திரியில் சொல்லவே கூடாத வார்த்தை அது. ஆனால் சிஸ்டர் எனக்காக வேண்டிக்கொண்டு வைத்திருக்கிறார், முகமெல்லாம் பூரிப்பு. அதைப் பிடுங்கிக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்பே கொள்ளவில்லை. டீ வாங்கினேன், குடிக்கவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மேற்கே மேகம் கருகருவென்று திரண்டுகொண்டிருந்தது. குறுவை அறுப்பு முடிந்து நெல்லெல்லாம் கொள்முதல் நிலையங்களில் மூட்டையாகக் காத்துக் கிடக்கிற சமயம். மழை வந்தால் யாராவது எங்கேயாவது ஓடுவார்கள், விழுவார்கள். போன வருஷமும் அப்படித்தான் ஆனது.

பயந்தது மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. பஞ்சநதம், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், ஐம்பது வயது இருக்கும். மழைக்கு முன்னால் தன் நெல்லை மூடிவிடலாம் என்று அடுக்கி வைத்த மூட்டை அட்டிமேல் ஏறித் தார்ப்பாயை இழுத்திருக்கிறார். காற்று தார்ப்பாயோடு ஆளையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. கீழே நின்ற டிராக்டரின் பின்கொக்கியில் விலா மோதி, அப்புறம் தரையில் தலைகுப்புற. மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஸ்கேனில் கழுத்தெலும்பிலும் ஒரு விரிசல்.

கழுத்தில் பட்டையோடு மல்லாந்து கிடந்தார். உதடு வெளுத்துவிட்டது.

"ஐயா, கால் விரலை அசைங்க பாப்போம்."

இரண்டு பாதங்களையும் ஆட்டினார். வயல் சேற்றில் ஊறி ஊறித் தடித்த பாதங்கள்.

"கையி?"

கையையும் தூக்கினார். "நெல்லு நனைஞ்சிருச்சாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

வெளியே அவர் மனைவி காத்தாயி நின்றிருந்தார். புடவையெல்லாம் நெல் சுணை. டேவிட்சன் சார் அவரிடம் ஒளிக்காமல் சொன்னார். வயிற்றை உடனே திறக்காவிட்டால் உயிர் தங்காது. திறக்க வேண்டுமென்றால் மயக்கம் கொடுத்துத் தொண்டையில் டியூப் போட வேண்டும். போடும்போது கழுத்து கொஞ்சம் அசைந்தால்கூட உள்ளே நரம்பு அறுபட்டு, கழுத்துக்குக் கீழே எதுவும் வேலை செய்யாமல் போகலாம். பிழைப்பார், ஆனால் படுக்கையோடு.

காத்தாயி சாரை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "காலு கையி ஆடுற மனுசனக் கொண்டாந்திருக்கேன் டாக்டரம்மா. அப்படியே குடுத்துருங்க."

டியூப் போடப் போகிறவள் நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. சரியென்று தலையை ஆட்டினேன்.

காமிரா வைத்த பிளேடு ஒன்று எங்களிடம் உண்டு. திரை கெட்டு ரிப்பேருக்குப் போனது, போனதுதான். விழித்திருக்கும்போதே தொண்டையை மரக்கவைத்து மெதுவாக டியூபை இறக்கலாமென்றால், ரத்தம் வடிகிற வேகத்தில் அதற்கு நேரமில்லை. மிச்சம் இருந்தது மெக்காய். பெரிய அரங்கை நோக்கி ஓடினேன்.

"சிஸ்டர், பிளேடு வேணும்."

மங்களாம்பிகை சிஸ்டர் கதவுக்குக் குறுக்கே நின்றார். யோசித்து நின்றதில்லை, தானாக நின்றுவிட்டார். "டாக்டர், பூஜையில வச்சத..."

"கழுத்து ஒடைஞ்சு கெடக்கான் சிஸ்டர் ஒரு மனுஷன்! நாளைக்குக் காலையில எடுத்துக் குடுத்தீங்கன்னா நான் அத வச்சு என்ன பண்றது, என் தலையில அடிச்சுக்கவா?"

வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். சிஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போனார், நானும் பின்னாலேயே போய்க் கையை நீட்டினேன். தட்டி விட்டார்.

"நீங்க தொடாதீங்க. வச்சவ நான், கலைக்கிறதும் என் கையோட போவட்டும்."

கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுப் பிளேடை எடுத்துக்கொண்டு கழுவுகிற இடத்துக்கு ஓடினார். சோப்பு, தண்ணீர். மேலே இருந்த சந்தனம் கரைந்து போனது. நான் வாங்கிக் கைப்பிடியில் மாட்டினேன். பல்பு எரிந்தது. நெம்புகோலை அழுத்தினேன்.

நகரவில்லை.

காலையில் இழைத்த சந்தனம். கீலுக்குள் புகுந்து காய்ந்து, சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. முழுசாகச் சாத்தியிருக்கிறாரே! நுனி நிமிராத மெக்காய் எனக்கு எதற்கு? அதுவும் ஒரு மெக்கின்டாஷ்தான்.

"பிரகதி!" என்று டேவிட்சன் சாரின் குரல். குரலை உயர்த்தாத மனுஷன் உயர்த்திவிட்டார். "பிரஷர் இறங்குதும்மா, வா!"

"நீங்க போங்க டாக்டர்" என்று சிஸ்டர் பிளேடைப் பிடுங்கிக்கொண்டு வெந்நீரைத் திறந்தார். அழுகிறாரா என்று பார்க்க நான் நிற்கவில்லை.

அரங்கில் சர்ஜன் மீரா உசேன் கை கழுவி, கையுறை போட்டுத் தயாராக நின்றார். "சீக்கிரம், சீக்கிரம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயில் இல்லை. நாங்கள் பட்டையின் முன்பாதியைக் கழற்றினோம். டேவிட்சன் சார் ஒருக்களித்து நின்று, நோயாளியின் தலையை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஏந்திப் பிடித்தார். இனி அந்தத் தலை அசையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

"ஐயா, தூங்கப் போறீங்க" என்றேன்.

"நெல்லு..." என்று ஆரம்பித்தார். மருந்து உள்ளே போனது, கண் சொருகிவிட்டது.

மெக்கின்டாஷைக் கையில் எடுத்தேன். ஆய்வில் எத்தனையோ பேருக்குப் போட்டதுதான். நாக்கை ஒதுக்கி உள்ளே இறக்கினேன். மூடியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாவனைப் பட்டை மாட்டினவர்களிடம் இப்படி ஆகும்போது இன்னும் கொஞ்சம் பலமாகத் தூக்குவேன், தெரிந்துவிடும். கை அந்தப் பழக்கத்தில் தூக்கியது.

"அசையுது" என்றார் டேவிட்சன் சார்.

"கொஞ்சம் சார், தெரியப் போவுது..."

"என் கைக்குள்ள தலை அசையுதும்மா. விடு."

விட்டேன். மூடிக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு நுழைக்கிற வளைந்த குச்சி ஒன்று உண்டு. அதை விட்டுப் பார்த்தேன். அது உணவுக்குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு போனது. எடுத்துவிட்டேன். மானிட்டரின் டிங் டிங் சத்தம் கட்டையாகிக்கொண்டு வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது என்று அர்த்தம். முகமூடியை வைத்து மெதுவாக மூச்சு அழுத்தினேன். தூக்கினால் தெரியும், தூக்கினால் அந்தப் பாதங்கள் போய்விடும். தூக்காவிட்டால் ஆளே போய்விடுவார். காத்தாயியிடம் எந்த முகத்தோடு தலையை ஆட்டினேன் நான்?

"இன்னொரு தடவை மெக்கின்டாஷ்தானா?" என்று சார் கேட்டார். அவர் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே என்னைக் கேட்டார்.

கதவு படாரென்று திறந்தது. மங்களாம்பிகை சிஸ்டர். விரல் நகமெல்லாம் மஞ்சள், புடவை முந்தியெல்லாம் ஈரம். "ஆடுது டாக்டர்! பாதிதான் வருது, ஆனா ஆடுது!"

வாங்கினேன். கைப்பிடியில் மாட்டி அழுத்தினேன். நறநறவென்று ஒரு சத்தத்தோடு நுனி பாதி நிமிர்ந்தது. மிச்சப் பாதிக்கு நேரமில்லை. பிளேடை உள்ளே விட்டேன், அதே நாக்கு, அதே மூடி. தூக்கத் துடித்த கையை அடக்கிக்கொண்டு கட்டைவிரலால் நெம்புகோலை மட்டும் அழுத்தினேன். அது முரண்டு பிடித்தது. இன்னும் அழுத்தினேன். மூடி மெல்ல எழும்பியது. கீழே கறுப்பாக ஒரு கீற்று, இரண்டு பக்கமும் வெள்ளையாகக் குரல் நாண்களின் அடி விளிம்பு.

"சார், தலை?"

"அசையல. அசையலம்மா. போடு."

டியூப் போனது. நெஞ்சு ஏறி இறங்கியது. சத்தம் மறுபடி கணீரென்று ஆனது. "போலாமா?" என்று மீரா உசேன் கேட்டு முடிப்பதற்குள் கத்தி வைத்துவிட்டார்.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். டேவிட்சன் சார் பட்டையைத் திரும்ப மாட்டிவிட்டுத் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது உன் தீசிஸ்ல வராது" என்றார்.

"தெரியும் சார்."

"எத்தன காலமா நான் பிளேடப் பிடிச்சிட்டு இருக்கேன். தலையப் பிடிக்கிறது எப்பவும் வேற யாராவதுதான். அவங்கள ஒரு தடவ கூட கேட்டதில்லம்மா, அசையுதான்னு."

நானும் கேட்டதில்லை. என் ஆய்வில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

மண்ணீரலை எடுத்து ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அவரை உடனே எழுப்ப முடியவில்லை. போன ரத்தம் போனதுதானே, விடியும்வரை டியூபோடு தூங்கட்டும் என்று தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். போகும்போது போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்களைப் பார்த்தேன். அசைவில்லை. மருந்தாலா, கழுத்தாலா? அந்தப் பாதங்களைப் பார்த்துச் சொல்ல முடியாது. மெக்கின்டாஷோடு நான் தூக்கின அந்தத் தூக்கு, சார் "அசையுது" என்று சொன்னது, எல்லாம் திரும்பத் திரும்ப வந்து என்னைக் குடைந்தது. அறைக்குப் போய் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன்.

விஜயதசமி காலையில் டியூபை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் தலைகூடச் சீவாமல் ஓடினேன். டேவிட்சன் சார் எனக்கு முன்னால் வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார், அவருக்கு அன்றைக்கு லீவு. மங்களாம்பிகை சிஸ்டர் பொரிப் பொட்டலத்தோடு கதவோரம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் போகவில்லை. காத்தாயி கட்டிலின் கால்மாட்டில் நின்று, போர்வைக்குள் இருக்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட அவருக்குப் பயம்.

"பஞ்சநதம் ஐயா. கால அசைங்க."

கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தார். போர்வை அப்படியே கிடந்தது.

"ஐயா, கேக்குதா? கால அசைங்க."

உதடுதான் அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தொண்டைக்குள்ள சந்தனம் மணக்குதும்மா" என்றார், கரகரவென்று. "சந்தனம் பூசிக் கெடத்திட்டாங்க, நாம போய்ச் சேந்துட்டோம்னு நெனச்சேன்."

கதவோரத்திலிருந்து சிஸ்டரின் கேவல் கேட்டது.

"நீங்க எங்கயும் போய்ச் சேரல! கால அசைங்க!" தீவிரச் சிகிச்சைப் பிரிவென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"நெல்லு என்னாச்சு?"

"நெல்லு கெடக்கட்டும்! காலு! கால ஆட்டுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்று விழுந்து, வயிறு கிழிந்து, சாந்தமாக வந்து சேர்ந்த மனுஷனுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "ஏம்மா விடிஞ்சதும் விடியாததுமா இந்தக் கத்து கத்துற" என்று முனகிக்கொண்டே இரண்டு காலாலும் போர்வையை உதைத்துத் தள்ளினார். போர்வை காத்தாயியின் மேல் போய் விழுந்தது.

காத்தாயி அதை எடுத்து உதறினார். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களையும் சேர்த்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "வயித்துல தையலப் போட்டுக்கிட்டு என்ன ஒதை வேண்டிக் கெடக்கு? ஆட்டாமக் கெடய்யா" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அழுதார். பாதங்களை விடவே இல்லை.